முத்திரையை விடுங்கள், ரசீதை எடுங்கள்

கேள்வி: டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். ஜப்பானின் பழைய நாடக வடிவமான கபுகியின் நடிகர்களைக் காட்டும் மர அச்சு ஓவியங்களைச் சேர்த்து வருகிறேன். எட்டு மாதங்களுக்கு முன்பு ஒரு கடையில், 18ஆம் நூற்றாண்டு ஓவியர் ஷராகு வரைந்த கபுகி நடிகர் ஓதானி ஒனிஜியின் படத்தை 3,80,000 யென் கொடுத்து வாங்கினேன். எடோ காலத்து (1603-1868) அச்சு என்றார்கள். விவரம் தெரிந்த நண்பர் போன வாரம் பார்த்துவிட்டு, 20ஆம் நூற்றாண்டு மறுபதிப்பு என்கிறார். பழைய தணிக்கை முத்திரை இருக்கிறதே! பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் முத்திரையை நம்பி வாதாடாதீர்கள். மறுபதிப்புக்குப் பலகை செதுக்குகிறவர்கள் ஷராகுவின் கையொப்பம், வெளியீட்டாளர் சுதாயாவின் சின்னம், 'கிவாமே' என்ற தணிக்கை முத்திரை எல்லாவற்றையும் சேர்த்தே செதுக்குவார்கள். அது மோசடி அல்ல. 1794இல் வந்த படத்தை அதே கைமுறையில் மறுபடி அச்சிடுவது ஜப்பானில் மதிப்புள்ள தொழில். அதாச்சி என்ற மர அச்சு நிறுவனத்தின் மறுபதிப்புகளைத் தேடி வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர். அதை எடோ காலத்தது என்று சொல்லி விற்றதுதான் தப்பு.

ரசீதையும் விலைச்சீட்டையும் எடுத்துப் பாருங்கள். 'ஷோசுரி' என்றால் முதல் அச்சு. 'அதோசுரி' என்றால் அதே பழைய பலகையில் பிறகு எடுத்தது. இவற்றில் ஒன்றோ 'எடோ காலம்' என்றோ எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 'ஃபுக்கோகு', அதாவது மறுபதிப்பு என்றிருந்தால், சொல்ல வருத்தமாக இருக்கிறது, வழக்கு நிற்பது கடினம். வெறும் 'ஷராகு, மர அச்சு' என்றிருந்தால்தான் இழுபறி. அசல் ஷராகு இந்த விலைக்கு வராது என்று கடைக்காரர் சொல்வார், அது உண்மையும்கூட. அப்போது அவர் அனுப்பிய மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும்தான் கைகொடுக்கும். எதையும் அழித்துவிடாதீர்கள்.

முக்கியமான விஷயத்தில் கடை உண்மைக்கு மாறாகச் சொல்லி, அதை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால், ஜப்பானின் நுகர்வோர் ஒப்பந்தச் சட்டம் 4ஆம் பிரிவின்படி வாங்கியதை ரத்து செய்யலாம். வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. விஷயம் தெரிந்ததிலிருந்து ஓராண்டு, வாங்கியதிலிருந்து ஐந்தாண்டு, எது முந்தியதோ அதுதான் கெடு. சிவில் சட்டம் 566ஆம் பிரிவும் குறை தெரிந்து ஓராண்டுக்குள் விற்றவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. நண்பர் சொன்ன நாளிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள். 'திரும்பப் பெற மாட்டோம்' என்ற அறிவிப்பைக் கண்டு தயங்க வேண்டாம். பொறுப்பை முழுக்கத் தட்டிக்கழிக்கும் நிபந்தனை நுகர்வோரிடம் செல்லாது.

நண்பரின் பேச்சு மட்டும் போதாது. வேறொரு ஓவிய வணிகரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். அப்புறம் தபால் நிலையம் வழியாக 'நையோ ஷோமெய்', அதாவது உள்ளடக்கத்துக்குச் சான்று தரும் கடிதம் அனுப்புங்கள். என்ன எழுதினீர்கள், எந்தத் தேதியில் என்பதற்கு அதுவே சான்று. நுகர்வோர் உதவிக்கு 188ஐ அழையுங்கள். கடை மசியாவிட்டால், 6,00,000 யென் வரையிலான கோரிக்கைக்குச் சிறு வழக்கு நடைமுறை உண்டு; பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும்.

படத்தைப் பிரிய மனமில்லையா? சரி, விலையைக் குறைத்துத் தரும்படி கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பின்னாளில் விற்கும்போது மறுபதிப்பு என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மறைத்து விற்றால் அது மோசடி.