'எப்போதும் தரையைப் பார்த்தே ஓடுகிறேன்!'

கேள்வி: எனக்கு வயது 34. ஆறு வருடங்களாக லேப்டாப்பில் ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமும், ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்க்கும் புதிர் கேம்களும்தான் ஆடிவருகிறேன். இந்த வருடம் பழகாத வகைகளையும் ஆடிப் பார்ப்பது என்று முடிவு செய்து ஒரே மாதத்தில் நான்கை வாங்கினேன். நான்கிலும் தோல்வி. துப்பாக்கியால் சுடும் ஷூட்டர் கேமில் பத்து நிமிடத்தில் குமட்டல் வருகிறது. ஓடும்போது எப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்டன் ரிங் என்ற வாள்சண்டை கேமில் ஆரம்பத்திலேயே நிற்கும் தங்கக் கவச குதிரைவீரனிடம் இருபது முறை செத்தேன். ஸ்லே த ஸ்பையர் என்ற கார்டு கேமில் முதல் பாஸை, அதாவது முதல் பெரிய எதிரியைக்கூடத் தாண்டவில்லை. ஒரு ஆன்லைன் கேமில் என் குரலைக் கேட்டதும் கிண்டல் ஆரம்பித்துவிட்டது; அன்றே வெளியே வந்துவிட்டேன். 'உனக்கு இதெல்லாம் செட் ஆகாது அக்கா, நீ விவசாயமே பண்ணு' என்கிறான் தம்பி. எனக்குக் கை வராதா? எதிலிருந்து தொடங்குவது?

- பெயர் வேண்டாம்

பதில்: அன்புத் தோழி, உங்களுக்குக் கை வரும். ஆறு வருடம் ஒரு கேமை விடாமல் ஆடியவருக்குக் கையும் கண்ணும் நன்றாகவே பழகியிருக்கும். அவை பழகியது வேறு வேலைக்கு, அவ்வளவுதான்.

ஸ்டார்டியூ வேலியில் கேமரா மேலே நின்றுகொண்டு உங்களைத் தானாகவே பின்தொடர்கிறது. எங்கே பார்ப்பது என்ற கவலை உங்களுக்கு வந்ததே இல்லை. ஷூட்டரில் அந்தக் கேமராவை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு கை நடக்க வேண்டும், இன்னொரு கை பார்க்க வேண்டும். அது போதாதென்று எதிரி சுடுகிறான், கடிகாரமும் ஓடுகிறது. மூன்று புதிய விஷயங்களை ஒரே நேரத்தில் மூளையிடம் கேட்டால் அது திணறத்தான் செய்யும். எல்டன் ரிங்கில் இதோடு நான்காவதாக ஒன்றும் சேர்கிறது: அடி எப்போது விழும் என்று கணிப்பது.

அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உங்களிடம் இருக்கும் கேம்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஸ்லே த ஸ்பையர். உங்களுக்கு மிக அருகில் இருப்பது இதுதான். கேமரா இல்லை, கைவேகம் வேண்டாம், ஒரு கார்டைப் போட எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். அப்படியிருந்தும் தோற்கக் காரணம், ஸ்டார்டியூ கற்றுக்கொடுத்த ஒரு பழக்கம் என்றே நினைக்கிறேன்: கிடைப்பதையெல்லாம் பெட்டியில் சேர்ப்பது. பண்ணையில் அது செல்வம். இங்கே அது பாரம்.

முதல் கதாபாத்திரமான அயர்ன்கிளாடுக்கு ஆரம்பத்தில் 10 கார்டுகள்: 5 ஸ்ட்ரைக், 4 டிஃபெண்ட், 1 பேஷ். சுற்றுக்கு 5 கார்டுகள் கைக்கு வரும். அதாவது இரண்டு சுற்றில் மொத்தக் கட்டும் உங்கள் கைக்கு வந்து போய்விடும். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் காட்டுகிற மூன்று கார்டில் ஒன்றை எடுத்தே தீருவேன் என்று எடுத்து, கட்டை 25 ஆக்கிவிட்டால், உங்கள் சிறந்த கார்டு திரும்பி வர ஐந்து சுற்று ஆகும். அதற்குள் பாஸ் உங்களை முடித்துவிடும். அந்தத் திரையில் எதையும் எடுக்காமல் தாண்டிப் போகவும் ஒரு பட்டன் இருக்கிறது. முதல் சில சண்டைகளில் நல்ல தாக்குதல் கார்டுகளை எடுங்கள். அதன் பிறகு 'இது என் கட்டில் என்ன வேலை செய்யும்?' என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் மட்டும் எடுங்கள். கடையில் காசு கொடுத்து ஒரு ஸ்ட்ரைக்கை நீக்குவதும் பல நேரம் புதிதாக ஒன்றை வாங்குவதைவிட மேல். மருந்துக் குப்பிகளையும் பதுக்காதீர்கள். இடம் மூன்றுதான், நிரம்பிவிட்டால் அடுத்து வருவதை எடுக்கவே முடியாது.

அடுத்து, போடும் வரிசை. எதிரியின் தலைக்கு மேலே அவன் அடுத்து என்ன செய்யப் போகிறான் என்று காட்டும். கார்டைத் தொடுமுன் அதைப் பாருங்கள். எதிரியிடம் 16 உயிர் மிச்சம், உங்களிடம் 3 எனர்ஜி, கையில் ஒரு ஸ்ட்ரைக், ஒரு பேஷ் என்று வையுங்கள். ஸ்ட்ரைக் 1 எனர்ஜிக்கு 6 அடி. பேஷ் 2 எனர்ஜிக்கு 8 அடி. அத்துடன் எதிரியைப் பலவீனப்படுத்தி, அடுத்து விழும் அடிகளைப் பாதியளவு கூட்டும். ஸ்ட்ரைக் முதலில், பேஷ் பிறகு என்றால் 6 + 8 = 14; எதிரி இரண்டு உயிரோடு நின்று உங்களைத் திருப்பி அடிப்பான். பேஷ் முதலில் போட்டால் 8, பிறகு வரும் ஸ்ட்ரைக் 9 ஆகிவிடும், மொத்தம் 17. எதிரி காலி, உங்களுக்கு ஒரு அடியும் இல்லை. கார்டுகள் அதே இரண்டுதான். ஒரு நாளின் எனர்ஜியை எந்த வேலைக்கு முதலில் செலவழிப்பது என்று ஆறு வருடமாகக் கணக்குப் போட்டவர் நீங்கள். இந்த வகை உங்களுக்கு விரைவில் பிடிபடும். பிடித்துப்போனால் அடுத்து இன்டு த பிரீச் ஆடுங்கள். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் மூன்று இயந்திரங்களை நகர்த்தும் வியூக கேம். எதிரி எங்கே தாக்கப் போகிறான் என்பதை அதுவும் முன்கூட்டியே காட்டிவிடும்.

இப்போது ஷூட்டர். குமட்டலைச் சரிசெய்யாமல் பயிற்சி எதுவும் எடுக்காதீர்கள். 'நகர்கிறோம்' என்கிறது கண். 'உட்கார்ந்துதானே இருக்கிறோம்' என்கிறது உள்காது. இந்த முரண்தான் குமட்டலாக வருகிறது. இதில் வீரம் காட்டித் தாங்கிக்கொண்டு ஆடினால் பழகாது. மாறாக, அந்தக் கேமைத் திறந்தாலே வயிறு புரட்டும் நிலை வந்துவிடும். கொட்டாவி, நெற்றியில் வியர்வை, வாயில் உமிழ்நீர் ஊறுதல், இவற்றில் எது முதலில் தெரிந்தாலும் அந்த நொடியே நிறுத்திவிட்டு எழுந்து நடங்கள். அன்றைக்கு அவ்வளவு போதும்.

செட்டிங்ஸில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். மோஷன் பிளர் (அசைவில் படம் மங்குவது), கேமரா குலுங்கல், நடக்கும்போது தலை ஆடுவது, இவை எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பார்வைக் கோணம் என்கிற எஃப்ஓவி 60, 70 என்று குறுகலாக இருந்தால் 85 அல்லது 90க்கு ஏற்றுங்கள்; லேப்டாப் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடும்போது குறுகிய கோணம், குழாய் வழியாக எட்டிப் பார்ப்பதுபோல் கண்ணைப் படுத்தும். மூன்றாவது ஃப்ரேம் வேகம்: படம் விட்டுவிட்டு ஓடினால் கிராஃபிக்ஸ் தரத்தைக் குறைத்தாவது நொடிக்கு 60 ஃப்ரேமுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அழகு கொஞ்சம் போகும், வயிறு பிழைக்கும். அறையில் விளக்கு எரியட்டும். இப்போது உட்காருவதைவிட ஒரு சாண் பின்னால் தள்ளி உட்காருங்கள்.

மவுஸ் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. டச்பேடில் ஆடுகிறீர்கள் என்றால் உங்கள் சிக்கலில் பாதி அதுதான். தட்டச்சு செய்யும்போது கை பட்டு அம்புக்குறி நகராமலிருக்க, பல லேப்டாப்களில் விசை அழுத்தியிருக்கும் நேரத்தில் டச்பேடு வேலை செய்யாது. நடக்கும் விசையை அழுத்தியபடியே திரும்பிப் பார்க்க வேண்டிய கேமில் இது கையைக் கட்டிப்போட்டதற்குச் சமம். சாதாரண மவுஸ் ஒன்று போதும்.

அடுத்து, எதிரி இல்லாத இடத்தில் கேமராவை மட்டும் பழகுங்கள். இதற்கு மைன்கிராஃப்ட் மிகப் பொருத்தம். கடினத்தை 'பீஸ்ஃபுல்' என்று வைத்தால் தாக்க வரும் பிராணிகள் இருக்காது, பசியும் குறையாது. மரம் வெட்டுவது, விதைப்பது, சுரங்கம் தோண்டுவது எல்லாம் உங்களுக்குப் பழக்கமான வேலைகள். பார்வை மட்டும்தான் புதிது. முதலில் மவுஸ் சென்சிட்டிவிட்டி. மவுஸ் பேடின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பில் இழுத்தால், நீங்கள் ஏறத்தாழ ஒரு முழுச்சுற்று சுற்ற வேண்டும். அதைவிட அதிகமாகச் சுற்றினால் குறைத்துவிடுங்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மிக வேகமான அளவில் ஆடித்தான் தலை சுற்றிப் போகிறார்கள்.

பயிற்சி இதுதான். தனியாக நிற்கும் ஒரு மரத்தின் முன் நில்லுங்கள். திரை நடுவிலுள்ள குறியை மரத்தின் தண்டில், உங்கள் கண் உயரத்தில் வையுங்கள். பக்கவாட்டில் நடக்கும் விசையை மட்டும் அழுத்திக்கொண்டு மரத்தைச் சுற்றி வாருங்கள்; குறி தண்டைவிட்டு விலகாதபடி மவுஸால் மெல்லத் திருப்பிக்கொண்டே இருங்கள். இடமாக ஐந்து சுற்று, வலமாக ஐந்து. அது வந்ததும் இரண்டு மரங்களுக்கு இடையே எட்டு போடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தரையைப் பார்க்கும் பழக்கத்துக்கு மருந்தும் இதில்தான் இருக்கிறது. மேலிருந்தே பார்த்துப் பழகிய கண், காலடியில் என்ன இருக்கிறது என்று தேடுவதால்தான் குறி கீழே இறங்குகிறது. ஓடத் தொடங்குமுன் குறியைத் தொடுவானத்துக் கோட்டில் வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால், இரண்டு வாரத்தில் கை தானாகவே அங்கே போய் நிற்கும்.

அதன் பிறகு ஷூட்டரைத் திறந்து, கதைப் பகுதியை மிக எளிதான கடினத்தில் ஆடுங்கள். ஆன்லைன் கடைசிதான்.

எல்டன் ரிங்கை இப்போதைக்கு அப்படியே வைத்துவிட்டு ஹேடீஸ் என்ற சண்டை கேமை ஆடச் சொல்வேன். கேமரா மேலேயே நிற்கும். அடி எப்போது வருகிறது என்று பார்த்து விலகுவது மட்டுமே புதிது. செட்டிங்ஸில் 'காட் மோட்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் உங்கள்மீது விழும் அடி 20 சதவீதம் குறையும். ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னொரு 2 சதவீதம் குறைந்து, கடைசியில் 80 சதவீதம் வரை போகும். கதையில் எதுவும் குறையாது. தயங்காமல் போடுங்கள். கேமைச் செய்தவர்களே உங்களைப் போன்றவர்களை நினைத்து வைத்த வசதி அது.

ஹேடீஸில் விலகப் பழகியபின் எல்டன் ரிங்குக்குத் திரும்பலாம். முடிந்தால் கண்ட்ரோலர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்; அந்த கேம் கண்ட்ரோலரில்தான் கைக்கு அடங்கும். புதியவர்கள் அங்கே சாவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று, பதற்றத்தில், அடியிலிருந்து விலக உருளும் பட்டனை மூன்று முறை அழுத்துவது. கூடுதலாக அழுத்தியதை கேம் நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் வேண்டாத நேரத்தில் இன்னொரு முறை உருட்டிவிடும். சரியாக அப்போதுதான் வாள் இறங்கும். எதிரி கையை ஓங்கும்போது காத்திருங்கள், இறங்கும்போது ஒரே ஒரு முறை அழுத்துங்கள். இரண்டு, உங்கள் தெம்பைக் காட்டும் பச்சைக்கோடு தீரும்வரை அடித்துக்கொண்டே இருப்பது. தீர்ந்துவிட்டால் உருள முடியாது. இரண்டு அடி போதும், விலகுங்கள். மூன்று, சுமை. அணிந்திருக்கும் பொருட்களின் எடை, தாங்கும் அளவில் 70 சதவீதத்தை எட்டினால் உருளுதல் மந்தமாகிவிடும். அதற்குக் கீழே வையுங்கள்.

செத்தால் கையிலிருந்த ரூன்கள் (அந்த கேமின் காசு) விழுந்த இடத்திலேயே கிடக்கும். எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் மொத்தமும் போய்விடும். ஸ்டார்டியூ சுரங்கத்தில் மயங்கி விழுந்து காசையும் பொருளையும் இழந்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். அதேபோல, ஆபத்தான இடத்துக்குள் நுழையுமுன் கையிலிருப்பதைச் செலவழித்து லெவல் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் அது பெரும்பாலும் உயிர் கூட்டும் 'விகர்' மீதே போகட்டும்.

ஆன்லைன் விஷயம். அங்கே நடந்தது உங்கள் ஆட்டத்தின் குறை அல்ல, நடந்துகொண்டவர்களின் குறை. குரல் அரட்டையை அணைப்பது பின்வாங்குவதும் அல்ல. கேமுக்குள் நுழையுமுன்பே அதை அணையுங்கள், எழுத்து அரட்டையையும் சேர்த்து. குரல் இல்லாமல் அணியோடு ஆட முடியுமா என்றால், முடியும். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற ஆன்லைன் ஷூட்டரில் உள்ள 'பிங்' வசதியைப் பாருங்கள்: ஓரிடத்தைக் குறிவைத்து ஒரு முறை அழுத்தினால் 'அங்கே போவோம்', இரு முறை அழுத்தினால் 'எதிரி'. கிடக்கும் பொருளைக்கூட அப்படியே சுட்டிக்காட்டலாம். எல்லை மீறுபவர்களை அப்போதே மியூட் செய்து, ஆட்டம் முடிந்ததும் புகார் பட்டனை அழுத்திவிடுங்கள், விவாதிக்க வேண்டாம்.

'இது உனக்கு செட் ஆகாது' என்ற தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். அட்டாரி 2600 என்ற பழைய கேம் கருவியின் காலத்தில் புகழ்பெற்ற ஷூட்டர்களில் ஒன்றான ரிவர் ரெய்டை 1982-ல் வடிவமைத்து நிரல் எழுதியவர் கேரல் ஷா என்ற பெண். அதைவிட முக்கியம், தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு நிபந்தனை போடுங்கள்: நீங்கள் கேட்டாலொழிய முப்பது நிமிடம் வாய் திறக்கக்கூடாது, கண்ட்ரோலரை வாங்கிக் 'காட்டித் தரவும்' கூடாது. இன்னொருவர் கை செய்வதைப் பார்த்து உங்கள் கை பழகாது.

இனி வாங்கும்போது டெமோ இருந்தால் அதை முதலில் ஆடுங்கள். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கியதாக இருந்தால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்கும்பட்சத்தில் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் நான்கைந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முக்கால் மணி நேரம் வீதம் இரண்டு நாள் ஆடிவிட்டு முடிவெடுங்கள். ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருக்கும், கெடு தாண்டாது. இரண்டாம் நாளும் பிடிக்கவில்லையென்றால் அந்த வகை உங்களுக்கு வேண்டாம். குற்ற உணர்ச்சி இல்லாமல் விட்டுவிடலாம்.

அந்தத் தங்கக் குதிரைவீரனைப் பற்றி. ஆரம்பத்திலேயே அவனை ஜெயிக்க வேண்டியதில்லை. 'எல்லோரிடமும் இப்போதே மோதாதே' என்று சொல்லத்தான் அவன் அங்கே நிற்கிறான் என்றே தோன்றுகிறது. பாதையைவிட்டு விலகி, மரங்களுக்கு இடையே அவனைச் சுற்றிப் போனால் எல்லே தேவாலயம் வரும். அங்குள்ள பட்டடையில், ஸ்மிதிங் கற்களைச் சேர்த்துக்கொண்டு வந்தால், ஆயுதத்தை +3 வரை ஏற்றலாம். இன்னும் சிறிது தூரம் போனால் உங்களுக்கும் ஒரு குதிரை கிடைக்கும். அதில் ஏறிக்கொண்டு திரும்பி வாருங்கள்.