கோடு நடுங்கினால் குற்றம் பென்சிலில் இல்லை

கேள்வி: எனக்கு 41 வயது. பட்டர்வொர்த்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். பென்சிலிலும் பேனாவிலும் வரையக் கற்க ஆசைப்பட்டு உட்கார்ந்தால், கோடு நடுங்குகிறது. பேரங்காடியில் உள்ள ஓர் ஓவிய மையத்தில், “மலிவான பென்சில் என்றால் அப்படித்தான்” என்று சொல்லி, 36 பென்சில் கொண்ட பெட்டி, மூன்று மாத வகுப்பு, அனைத்துலகச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து 1,480 ரிங்கிட் கேட்கிறார்கள். 200 ரிங்கிட் முன்பணம் கட்டிவிட்டேன். சேரலாமா? பேனாவுக்கு எப்போது மாறலாம்?

பதில்: சேர வேண்டாம். மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.

முதலில் நடுக்கம். எழுதுகிற பழக்கத்தில் பென்சிலின் கூரை ஒட்டிப் பிடித்து, மணிக்கட்டை மேசையில் ஊன்றி, எறும்பு ஊரும் வேகத்தில் இழுத்தால் யார் கோடும் நடுங்கும். மணிக்கட்டு சின்ன வளைவுக்கு மேல் எட்டாது; நீளக் கோட்டுக்கு முழங்கைதான் அசைய வேண்டும். பென்சிலைச் சற்றுப் பின்தள்ளிப் பிடியுங்கள். தாளில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். தாளைத் தொடாமல் இரண்டு மூன்று முறை கையை ஓட்டிப் பாருங்கள். கண் பென்சில் முனையில் இருக்கக் கூடாது, போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருக்கட்டும். ஒரே இழுப்பு. தவறினால் அழிக்காமல் பக்கத்திலேயே இன்னொன்று போடுங்கள். தினமும் ஒரு பக்கம் இதையே செய்தால் போதும்.

36 பென்சில் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பென்சிலில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும்தான். களிமண் கூடினால் கடினம், வெளிர். அது எச் வரிசை. குறைந்தால் மென்மை, கறுப்பு. அது பி வரிசை; எண் கூடக் கூட மென்மையும் கூடும். எச்பி இரண்டுக்கும் நடு. ஒரு நிறுவனத்தின் 2பி இன்னொரு நிறுவனத்தின் பி மாதிரி இருக்கும், ஆகவே எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். எச்பி, 2பி, 6பி மூன்றும் போதும். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால் 2பி ஏற்கனவே மேசையில் கிடக்கும். புறவயக் கேள்விக்கு வட்டத்தைக் கறுப்பாக்குவதற்கென்றே வாங்குகிறோமே, அதே பென்சில்தான். காட்சிக்கலைக் கல்வி என்று கால அட்டவணையில் ஒரு பாடம் உண்டு. சோதனை நெருங்கினால் அந்த நேரத்தைக் கணிதம் விழுங்கிவிடும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ல் போய்விட்டது, இந்தப் புத்தி போனபாடில்லை. பள்ளியில் கிடைக்காததைத்தான் இப்போது பேரங்காடியில் 1,480 ரிங்கிட்டுக்கு விற்கிறார்கள்.

அந்த மூன்று மாதத்தில் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு நடிகரின் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். கட்டத்துக்குக் கட்டம் நகலெடுத்து, பஞ்சால் தேய்த்து மழமழப்பாக்கினால் முகம் அச்சு அசலாக வந்துவிடும். வீட்டில் கைதட்டு, சுவரில் சட்டம். பிறகு எதிரில் ஒரு கோப்பையை வைத்து வரையச் சொன்னால் கை ஓடாது, ஏனென்றால் பார்க்கவே கற்றுத்தரவில்லை. சான்றிதழ் எந்த நாட்டில் செல்லும் என்று கேளுங்கள். பேச்சு உடனே தவணை முறைக்குத் தாவும். யாரிடம் கற்பதானாலும் முன்பணத்துக்கு முன், மேசையில் இருக்கிற எதையாவது உங்கள் கண்ணெதிரே ஐந்து நிமிடத்தில் வரைந்து காட்டச் சொல்லுங்கள்.

அந்தக் கோப்பையையே எடுத்துக்கொள்வோம். காப்பிக் கடையின் தடித்த பீங்கான் கோப்பை. புதிதாக வரைபவர் வாயை நீள்வட்டமாகப் போட்டு, இரு ஓரத்தையும் கூராக்கி, அடிப்பாகத்தை நேர்கோடாக முடிப்பார். ஓரம் எவ்வளவு ஒடுங்கினாலும் அது வளைவுதான், கூர் கிடையாது. அடியும் வளைந்தே இருக்கும். மேலிருந்து பார்க்கையில் வாயைவிட அடியின் வளைவுதான் கூடுதல், கண்மட்டத்திலிருந்து அது இன்னும் கீழே இருப்பதால். நிழலை விரலால் தேய்க்காதீர்கள், தோலின் எண்ணெய் தாளில் அழுக்காகப் படியும். வெளிச்சப் பக்கம் வெறும் தாள். நடுவில் ஒரே திசையில் இணைகோடுகள். இருண்ட பக்கம் அவற்றின் மேல் குறுக்கே இன்னொரு அடுக்கு. கோப்பை தட்டைத் தொடும் இடுக்குதான் படத்திலேயே கறுப்பான இடம். 6பி அங்கே மட்டும்.

பேனாவுக்கு இன்றைக்கே மாறலாம். பந்துமுனைப் பேனாவே போதும், அழுத்தத்துக்கு ஏற்ப வெளிர், கறுப்பு இரண்டும் தரும்; வெயிலில் மங்கும் என்பதால் சட்டம் போடுவதற்கு உதவாது. நீரில் கரையாத மைப்பேனா வாங்கினால் 0.3 மில்லிமீட்டர் முனையில் ஒன்று. பேனாவை நேரடியாகத் தாளில் வையுங்கள், அடியில் பென்சில் கோடு வேண்டாம். அழிக்க முடியாது என்று தெரிந்தால்தான் கண் ஒழுங்காகப் பார்க்கும்.

இதற்கு ஒரே விலக்கு, கட்டடம். ஜார்ஜ்டவுனில் ஃபெரியை விட்டு இறங்கி லெபோ ஆர்மீனியன் தெருப் பக்கம் நடந்தால் கடைவீடுகளின் அஞ்சடி, அதாவது முன்பக்கம் கூரையிட்ட நடைபாதை, வரிசையாகத் தூண்களும் வளைவுகளுமாக நீளும். அதை வெறும் பேனாவில் தொடங்கினால் நாலாவது தூணில் வீடே சாய்ந்துவிடும். எச்பியால், தாள் பள்ளமாகாதபடி, உங்கள் கண்மட்டத்தில் ஒரு கிடைக்கோடு. அதில் ஒரு புள்ளி. தூண்களின் தலைகளைத் தொட்டு ஒரு கோடு, கால்களைத் தொட்டு ஒரு கோடு. இரண்டும் அந்தப் புள்ளியில் சேர வேண்டும். தூர இருக்கும் தூண்களுக்கு இடையே இடைவெளி குறுகும். இவ்வளவுதான் பென்சில். ஓடு, சன்னல் எல்லாம் பேனாவில். பிறகு பொறுங்கள். நம்மூர் ஈரக்காற்றில் மை நினைப்பதைவிட மெதுவாகக் காயும். அவசரமாக ரப்பரை வைத்தால் படம் முழுக்கச் சாம்பல் இழுக்கும். காய்ந்த பிறகும் பிசைந்து உருட்டக்கூடிய மென்ரப்பரால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் மையும் வெளிறும். இந்தச் சலுகை கட்டடத்துக்கு மட்டும். அஞ்சடியில் படுத்திருக்கும் பூனைக்குக் கிடையாது.

ஜார்ஜ்டவுனில் வார இறுதியில் தெருவோரம் உட்கார்ந்து வரைகிற குழுக்கள் உண்டு. பக்கத்தில் போய் அமருங்கள், விரட்டமாட்டார்கள்.

முன்பணத்துக்கு ரசீது இருக்கிறதா பாருங்கள். திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதைப் பத்திரமாக வையுங்கள். மழுப்பினால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுக்கலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. பாரத்தை நிரப்பத் தெரியவில்லை என்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் விசாரியுங்கள். “பாரம் எழுதித் தருகிறேன்” என்று காசு கேட்டு வருகிறவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.