குட்டிகளின் உதட்டில் பொருக்கு: அம்மையா, வாய்ப்புண்ணா?

கேள்வி: என் பட்டியில் இரண்டு மாத வெள்ளாட்டுக் குட்டிகள் ஆறுக்கு உதட்டைச் சுற்றித் தடித்த பொருக்கு வந்திருக்கிறது. பால் குடிக்கத் திணறுகின்றன. போன வருடமே ஆட்டம்மைத் தடுப்பூசி போட்டேன். பிறகும் அம்மை வருமா?

பதில்: போன வருடம் ஊசி போட்டது தாய்களுக்கு. இந்தக் குட்டிகள் அப்போது பிறக்கவே இல்லையே! அதனால் ஊசியை வைத்து முடிவு செய்ய வேண்டாம். உதட்டை மட்டும் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. குட்டியின் வாலைத் தூக்கிப் பாருங்கள். வாலடி, தொடை இடுக்கு, காதின் உட்புறம் என முடி குறைந்த இடங்களில் விரலை ஓட்டுங்கள். ஆட்டம்மை என்றால் தோலுக்குள் பட்டாணி பதிந்தது போலக் கெட்டியாகத் தட்டுப்படும். காய்ச்சல் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஏறும், கண்ணும் மூக்கும் ஒழுகும், மூச்சு வாங்கும். நுரையீரலிலும் கட்டிகள் வருவதால் குட்டிகள் தாங்குவதில்லை.

அங்கெல்லாம் தோல் சுத்தமாக இருந்து, உதட்டோரத்தில் மட்டும் காலிபிளவர் பூ மாதிரி பொருக்கு எழும்பியிருந்தால் பெரும்பாலும் அது ஆர்ஃப் எனும் தொற்று வாய்ப்புண். இதுவும் அம்மைக் குடும்பத்து வைரஸ்தான், ஆனால் வேறு இனம். ஆட்டம்மை ஊசி இதைத் தடுக்காது. காய்ச்சல் அதிகம் இருக்காது. மூன்று, நான்கு வாரத்தில் தானாக ஆறும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு வாய்ப்புண் என்றே படுகிறது. ஆனாலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் நம்பிவிடாதீர்கள். கழிச்சலும் சேர்ந்திருந்தால் அது ஆட்டுக்கொல்லி நோயாகவும் இருக்கலாம்.

வாய்ப்புண்தான் என்றால் பொருக்கைப் பிய்க்காதீர்கள். போரோகிளிசரின் (போரிக் அமிலம் கலந்த கிளிசரின்) தடவுங்கள், முள் இல்லாத மென்மையான தீவனம் கொடுங்கள். குடிக்க முடியாத குட்டிக்குப் பாலைக் கறந்து புகட்டுங்கள். கையுறை கட்டாயம்: விரலில் சின்னக் கீறல் இருந்தாலும் உங்களுக்கும் தொற்றும். உதிர்ந்த பொருக்கில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பெருக்கி எரித்துவிடுங்கள். அப்புறம் தாயின் காம்பையும் தினமும் பாருங்கள். குட்டியின் வாயிலிருந்து புண் அங்கே ஏறினால் வலியில் பால் கொடுக்க மறுக்கும், மடிநோயும் வரும்.

வாலடியில் ஒரு கட்டி தட்டுப்பட்டாலும் நோயுற்றவற்றைத் தனியே கட்டி, அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். எதையும் சந்தைக்கு ஓட்டாதீர்கள்.