நீட்டிச் சுருக்கும் ஆண்டெனா டவரைக் காற்றுக்கு முன் எப்போது இறக்க வேண்டும்?

கேள்வி: அமெச்சூர் வானொலிக்காக, மூன்று பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் டவர் ஒன்றை நிறுவியிருக்கிறேன். முழுதாக நீட்டினால் 17 மீட்டர், சுருக்கினால் 6.5 மீட்டர். வடத்தைக் கையால் சுற்றி இழுக்கும் வின்ச்தான். உச்சியில் யாகி ஆண்டெனாவும் (ஒரு திசையை நோக்கும் வகை) அதைத் திருப்பும் ரோட்டேட்டரும் உள்ளன. காற்று எந்த வேகத்தை எட்டும்போது இறக்க வேண்டும்? கூடுதல் பாதுகாப்புக்கு, டவரைத் தரையோடு சாய்வாக இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி கட்டலாமா?

பதில்: எல்லா டவர்களுக்கும் பொருந்தும் ஒரே வேகம் கிடையாது. உங்கள் டவரைத் தயாரித்தவர் தந்த கையேட்டில், முழு உயரத்தில் எந்தக் காற்று வேகம் வரை எத்தனை சதுர மீட்டர் பரப்புள்ள ஆண்டெனாவைத் தாங்கும் என்று குறித்திருப்பார். அந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் சதுர மீட்டருக்குச் சுமார் 76 நியூட்டனாக இருக்கும் அழுத்தம், 80 கிலோமீட்டரில் சுமார் 303 நியூட்டனாகிவிடும். அதே காற்று, அதே ஆண்டெனா என்றாலும், உச்சியில் விழும் விசை 17 மீட்டர் உயரத்திலிருந்து அடித்தளத்தை வளைக்கும் வலிமை, 6.5 மீட்டரிலிருந்து வளைப்பதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஆகவே, கையேட்டில் உள்ள வேகத்தில் பாதியை எட்டும் வீச்சுகள் முன்னறிவிப்பில் தென்பட்டாலே இறக்கிவிடுங்கள் என்பது என் பரிந்துரை. சராசரி வேகத்தைப் பார்க்காமல் திடீர் வீச்சின் வேகத்தைப் பாருங்கள்; தரைக்கு அருகே உள்ள காற்றுமானி காட்டுவதைவிட உச்சியில் காற்று பலமாகவே இருக்கும்.

இவ்வளவு முன்கூட்டியே இறக்கச் சொல்வதற்குக் காரணம், டவர் உடைந்துவிடும் என்ற அச்சம் மட்டுமல்ல. பலத்த காற்றில் இறக்குவதே ஆபத்தான வேலை. பக்கவாட்டு விசையால் உள்பகுதி வெளிப்பகுதியின் சட்டத்தோடு அழுந்தி, இறங்காமல் சிக்கிக்கொள்ளும். பெரும்பாலான கை வின்ச்களால் மேலே இழுக்க மட்டுமே முடியும். கீழே இறங்குவது டவரின் சொந்த எடையால்தான். சிக்கியது தெரியாமல் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால் எஃகு வடம் தளர்ந்து, உருளையில் சுருள்கள் பிரியத் தொடங்கும். காற்று ஒரு கணம் தணிந்ததும் சிக்கிய பகுதி சட்டென்று விழும். அந்த அதிர்ச்சி விசையில் வடம் அறுந்துபோகலாம். எனவே இறக்கும்போது உங்கள் கண் வடத்தின் மேலேயே இருக்கட்டும். அது தொய்ந்த உடனே நிறுத்தி, எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றி மீண்டும் விறைப்பாக்கி, காற்று தணியும்வரை காத்திருங்கள். பிறகும் இறங்கவில்லையென்றால், டவர் விழக்கூடிய தூரத்துக்கு அப்பால் எல்லோரையும் விலக்கிவிட்டு, நீங்களும் விலகிவிடுங்கள்.

எந்த நிலையிலும், சிக்கியதை விடுவிப்பதற்காகக் கையையோ காலையோ சட்டத்தின் குறுக்குக் கம்பிகளுக்கு இடையே நுழைக்காதீர்கள். நழுவி இறங்கும் பகுதி கத்தரியைப் போல் வெட்டிவிடும். நீட்டிய டவரில் ஏறுவதும் இதே காரணத்தால் கூடாது. முழுவதும் சுருக்கி, பகுதிகள் நகராதபடி தடுப்புக் கம்பி செருகிய பிறகே ஏற வேண்டும்.

ஆண்டெனாவை வானொலியோடு இணைக்கும் கோஆக்ஸியல் கேபிளும் ரோட்டேட்டர் கம்பியும் டவர் இறங்கும்போது தளர்ந்து தொங்கும். காற்று அவற்றைச் சட்டத்துக்குள் தள்ளிவிடாதபடி, ஒவ்வொரு பகுதியின் மேல் முனையிலும் வெளியே நீளும் கை ஒன்றை வைத்து அதில் பிடித்துக் கட்டுங்கள்.

ஸ்டே கம்பியைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர் அதற்கென வடிவமைத்திருந்தால் அன்றி வேண்டாம். விறைப்பாகக் கட்டிய ஸ்டே கம்பி டவரைப் பக்கவாட்டில் பிடிப்பதோடு கீழ்நோக்கியும் இழுக்கும். ஸ்டே கம்பி இல்லாமல் தானாகவே நிற்கும்படி செய்த நீட்டு டவரில், அந்த இழுவை முழுவதும் பகுதிகளைத் தூக்கி நிறுத்தியிருக்கும் அதே எஃகு வடத்தின் மேலும் கப்பிகளின் மேலும்தான் விழும். காற்று வீசும்போது இன்னும் கூடும். காப்பதற்காகக் கட்டியதே வடத்தை அறுக்கும் நிலை வரலாம். காற்றுக்கு உங்கள் ஆண்டெனா பெரிதென்றால், சிறியதாக மாற்றுவது அல்லது டவரைப் பாதி உயரத்தில் பயன்படுத்துவதுதான் சரியான வழி.

காற்று ஓய்ந்து மறுபடி உயர்த்தும் முன், வடம் முழுவதையும் தடித்த தோல் கையுறை அணிந்து ஒரு துணியால் தடவிப் பாருங்கள். துணியின் நூல் எங்காவது மாட்டினால் அங்கே வடத்தின் இழை அறுந்திருக்கிறது. கப்பியில் வளையும் இடங்களிலும் கவ்விகளை ஒட்டிய இடங்களிலும் கூடுதல் கவனம் தேவை. அறுந்த இழை, துரு, முறுக்கு ஆகியவற்றில் எது தெரிந்தாலும், கையேடு சொல்லும் அதே விட்டமும் வலிமையும் கொண்ட புதிய வடத்தை மாற்றும்வரை டவரை உயர்த்த வேண்டாம்.