ஐந்து காலி பாக்கெட்

அன்புள்ள ஐயா,

கரூரில் வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து விற்கிறேன். 200 கிராம் பாட்டில் மட்டும், விலை 120 ரூபாய். தெரிந்தவர்கள் வாங்குகிறார்கள், கடைகளில் நகரவில்லை. ஒரு ஏஜென்சிக்காரர் லோகோ, ரீல்ஸ் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? கடைக்காரரோ பத்து ரூபாய் பாக்கெட் போடச் சொல்கிறார். அது நம் தரத்தைக் கெடுத்துவிடாதா? சிக் ஷாம்பு மாதிரி பெரிய கம்பெனிக்குத்தானே அதெல்லாம் கட்டுப்படியாகும்?

ம.

அன்புள்ள ம.,

ரீல்ஸுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடைசி வரியைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது.

பெரிய கம்பெனியா? 1983இல் சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்புவைத் தொடங்கியபோது போட்ட முதல் 15,000 ரூபாய். பெயரே அப்பா சின்னி கிருஷ்ணனின் சுருக்கம்தான். கடலூர்க்காரரான அந்த அப்பா அதற்கு முன்பே சாஷே என்கிற சின்ன பாக்கெட்டில் பொருளை அடைத்துப் பார்த்தவர். அவருக்குப் பிறகு ரங்கநாதனின் சகோதரர்கள் வெல்வெட் ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து, பாட்டில் வாங்க முடியாத வீடுகளுக்கு ஒருவேளைத் தலைக்குளியலை விற்றார்கள். அதில் எந்தத் தரம் கெட்டது? பத்து ரூபாய்க்கு வாங்குகிறவரை மட்டமாக நினைப்பதை முதலில் விடுங்கள், அம்மா. வாரக்கூலி வாங்குகிற வீட்டில் ருசி தெரியாத பொடிக்கு 120 ரூபாயை மொத்தமாக எடுத்துத் தர மாட்டார்கள். வசதியுள்ள வீட்டிலும் யோசிப்பார்கள்.

சாஷே எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்து சிக் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எந்தக் கம்பெனி ஷாம்புவானாலும் ஐந்து காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் இலவசம். போட்டிக்காரரின் வாடிக்கையாளர் தலைக்கு, அவர் கைக்காசு போகாமலே, சிக் போய்ச் சேர்ந்தது. ஜனங்களுக்குப் பழகிய பிறகு விதியை மாற்றினார்கள்: இனி சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் சிக். ரங்கநாதனே சொன்ன கணக்குப்படி, மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சத்துக்குப் போனது. வரிசையைக் கவனியுங்கள். முதல் நாளே ‘எங்கள் பாக்கெட் மட்டும்’ என்றிருந்தால் ஒரு குஞ்சும் வந்திருக்காது, ஏனென்றால் அந்தப் பாக்கெட் யார் வீட்டிலும் இல்லை.

உங்களுக்குக் கட்டுமா என்று பார்ப்போம். விலைகளை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 15 கிராம் பாக்கெட், பத்து ரூபாய். கடைக்காரருக்கு 2 ரூபாய், கடை கடையாகச் சரக்குக் கொண்டுபோய் லைன் போடுகிறவருக்கு 60 பைசா. உங்கள் கைக்கு 7.40. பொடி கிலோ 250 ரூபாய் அடக்கமென்றால் 3.75. கவர், ஸ்டிக்கர், அடைக்கிற கூலி, கடையில் தொங்கவிடப் பாக்கெட்டுகளைச் சரமாகக் கட்டுவது எல்லாமாக 1.65. அடக்கம் 5.40, மிச்சம் 2 ரூபாய். கை தவறி 16 கிராம் போட்டால் 25 பைசா போச்சு, லாபத்தில் எட்டில் ஒரு பங்கு. குறைத்துப் போட்டாலோ எடையளவுச் சட்டத்தில் மாட்டுவீர்கள். 0.1 கிராம் காட்டும் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இலவசப் பாக்கெட் ஒன்றுக்கு 5.40, அதை மாற்றிக்கொடுக்கும் கடைக்காரருக்கு 50 பைசா. ஏஜென்சிக்காரர் கேட்ட 40,000 ரூபாயில் 6,700 பாக்கெட்டுக்கு மேல் கொடுக்கலாம். சாம்பார்ப் பொடி, மிளகாய்ப் பொடி எந்தக் காலி கவரானாலும் வாங்குங்கள். வாங்கியதைக் கடையிலேயே கத்தரியால் பாதியாக வெட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதே ஐந்து கவர் அடுத்த தெருக் கடைக்குப் போய் நிற்கும். இரண்டாம் கட்டத்தில், அதாவது உங்கள் காலி கவருக்கு மட்டும் என்று மாற்றிய பிறகு, விற்ற ஐந்துக்கு 10 ரூபாய் மிச்சம், இலவசத்துக்கு 5.90 போக 4.10 நிற்கும். நஷ்டமில்லை, ஆனால் இப்படியே காலம் தள்ளவும் முடியாது. இலவசத்தின் முடிவுத் தேதியை முதலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

சிறிய பாக்கெட்டில் தரம் கெடும் இடம் வேறு. வறுத்த சூடு ஆறாமல் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும். எள் சேர்த்த பொடிக்கு வெறும் பாலிதீன் கவர் போட்டால் சீக்கிரமே காறல் வாடை வரும், உள்பக்கம் வெள்ளியாக மின்னும் மெட்டலைஸ்டு கவர் வாங்குங்கள். நீளக் கழுத்துப் புனலில் போடுங்கள். வாயோரம் பொடி ஒட்டினால் சீல் அந்த இடத்தில் பிடிக்காது, கண்ணுக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவை அடைக்கும்போதும் நாலைந்தை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கி அழுத்திப் பாருங்கள். குமிழி வந்தால் மெஷின் சூட்டைச் சரிசெய்து எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அடைக்க வேண்டும். நிகர எடை, விலை, தயாரித்த மாதம், உங்கள் முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண் எல்லாம் ஸ்டிக்கரில் வரட்டும். பெயர் அச்சடித்த கவர் ரோலுக்கு இப்போது போகாதீர்கள், அச்சடிக்கும் சிலிண்டருக்கு ஆகும் செலவும் குறைந்தபட்ச ஆர்டரும் உங்களை விழுங்கிவிடும்.

லோகோ கிடக்கட்டும். ரீல்ஸை வீட்டுப் பிள்ளைகள் யாராவது போனில் எடுக்கட்டும், இருபது கடையில் சரம் தொங்கிய பிறகு. கடைக்காரர்கள் கடன் கேட்பார்கள், கொடுக்காமலும் இருக்க முடியாது. பழைய பில் காசு கைக்கு வந்த பிறகு அடுத்த சரத்தை இறக்குங்கள்.

அன்புடன்.