கீட்டோ உணவைத் தொடங்கியதும் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறுவது ஏன்?

அரிசியையும் இட்லி தோசையையும் அடியோடு நிறுத்தி, முட்டையும் மீனும் காய்கறியுமாகச் சாப்பிடத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில், காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை 108இலிருந்து 124 ஆக ஏறிவிட்டது என்றும், மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் இந்தக் கீட்டோ உணவு உங்கள் உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று எண்ணி அதை நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நிறுத்த வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் சர்க்கரை நோய்க்கு நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை எழுதவில்லை. அந்த 124ஐ விட அதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஆகவே இரண்டையும் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்ல. கடலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுத்துச் சோதிக்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். என் கணவர் சர்க்கரை நோயாளி; தம் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே மாவுச்சத்தைக் குறைத்தவர். தொடக்க வாரங்களில் அவருக்கும் இதேபோல வெறும் வயிற்றுச் சர்க்கரை 110லிருந்து 125 வரை ஏறியது. அதே வாரங்களில் இரவு உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த அளவு 190லிருந்து 130க்கு இறங்கியிருந்தது. காலையில் மட்டும் பார்த்திருந்தால், நல்ல முன்னேற்றத்தைக் கெடுதல் என்று நாங்கள் எடுத்துக்கொண்டிருப்போம்.

மாவுச்சத்தே சாப்பிடாதபோது சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை கல்லீரலில் இருக்கிறது. மூளையின் ஒரு பகுதித் தேவைக்கும், வேறு எரிபொருளைப் பயன்படுத்தவே இயலாத சிவப்பணுக்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும். உணவில் அது வராவிட்டால், கொழுப்பு உடையும்போது கிடைக்கும் கிளிசரால், புரதத்தின் அமினோ அமிலங்கள், தசையிலிருந்து வரும் லாக்டேட் ஆகியவற்றைக் கொண்டு கல்லீரலும் ஓரளவு சிறுநீரகமும் அதைத் தயாரித்துக்கொள்கின்றன. விடியலுக்கு முன், ஏறக்குறைய மூன்று மணியிலிருந்து எட்டு மணி வரை, கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடுவதால் இந்த உற்பத்தியும் கூடுகிறது. சர்க்கரை நோய் இல்லாதவருக்கு அப்போது இன்சுலின் சிறிது கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். உங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஈடு முழுமையாக நடப்பதில்லை.

கீட்டோவில் இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. கொழுப்பை எரிக்கப் பழகிக்கொண்ட தசைகள், குளுக்கோஸை உள்ளே வாங்குவதைக் குறைத்துக்கொள்கின்றன. கொழுப்பும் குளுக்கோஸும் எரிபொருளாக ஒன்றோடொன்று போட்டியிடுவதை பிலிப் ராண்டில் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1963ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார்கள். தசை வேண்டாம் என்று விட்ட குளுக்கோஸ், தேவைப்படும் உறுப்புகளுக்காக இரத்தத்தில் நிற்கிறது. அதனால்தான் சிலருக்கு நாளின் மற்ற வேளைகளில் எல்லாம் அளவு தாழ்ந்திருக்க, காலையில் மட்டும் சற்று உயர்ந்து காணப்படுகிறது. எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை. பலருக்குக் காலை அளவும் சேர்ந்தே இறங்குகிறது.

இது தீங்கற்ற ஏற்றம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு வாரங்களுக்குக் காலையில் ஒரு முறையும், இரவு உணவுக்கு முன் ஒரு முறையும், ஏதாவது ஒரு வேளை உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மாலை அளவும் உணவுக்குப் பிந்தைய அளவும் முன்னைவிட இறங்கியிருந்தால், காலையில் கூடியிருக்கும் பத்துப் பதினைந்துக்காக அஞ்ச வேண்டியதில்லை. மூன்று வேளையும் சேர்ந்து ஏறினால், அதிலும் தாகம், அடிக்கடி சிறுநீர், வேகமான எடைக்குறைவு ஆகியவை உடன் இருந்தால், அது வேறு கதை. இன்சுலின் சுரப்பே குறைந்து வருவதன் அறிகுறியாக அது இருக்கலாம். இயல்பிலேயே ஒல்லியான உடல்வாகு கொண்ட சர்க்கரை நோயாளிகள் கீட்டோவை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

அளவிடும் முறையிலும் கவனம் வேண்டும். வீட்டில் பயன்படுத்தும் குளுக்கோமீட்டருக்கான 2013ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரநிலை, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை முன்பின்னாக இருப்பதை ஏற்கிறது. ஆகவே ஒரு நாள் 112, மறுநாள் 122 என்று வந்தால், உடம்பில் எதுவுமே மாறாமலும் இருக்கலாம். ஆடைப் பட்டன் போலக் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் அணிபவர்கள், அந்தக் கையின் மீதே ஒருக்களித்துப் படுத்தால் நள்ளிரவில் பொய்யான தாழ்ந்த அளவைக் காட்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பண்ருட்டிப் பலா வரும் பருவத்தில், வீட்டாருக்குச் சுளை எடுத்துக் கொடுத்த கையைத் துடைத்துவிட்டு அதே விரலில் குத்திப் பார்த்தால், விரலில் ஒட்டிய பழச்சாறே அளவைப் பெரிதாக ஏற்றிக் காட்டிவிடும். சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே குத்த வேண்டும்.

உணவில் மறைந்திருக்கும் மாவுச்சத்தையும் பாருங்கள். கீட்டோவில் ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராம் வரைதான் மாவுச்சத்து. கொட்டை வகைதானே என்று எண்ணி முந்திரியைத் தாராளமாகத் தின்பவர்களை எங்கள் பகுதியில் நிறையப் பார்க்கிறேன்; 100 கிராம் முந்திரியில் ஏறக்குறைய 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. பாதாமைவிட அது கூடுதல். இரண்டு வேளை பால் காபியில் சேரும் பாலும், ஒரு கிண்ணத் தயிரும், வறுவல் மீனில் தடவிய அரிசி மாவும், குழம்பில் கரைத்த புளியும் ஒன்றாகக் கூடினால் அந்த வரம்பு எளிதில் நிறைந்துவிடும். சுறாப்புட்டும், மஞ்சள் உப்பு மிளகாய்த்தூள் மட்டும் தடவி வறுத்த சங்கராவும் இந்த வகையில் கவலை தராதவை.

இனி மாத்திரைக்கு வருகிறேன். அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் மருந்தின் வேதிப்பெயர் அச்சாகியிருக்கும். அதைப் படித்துப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால், சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்வது மிக அரிது. கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு இவற்றில் ஒன்று இருந்தாலோ, இன்சுலின் ஊசி போட்டாலோ நிலைமை வேறு. நீங்கள் சோறு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இந்த மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். மூன்று வேளைச் சோற்றுக்கென்று கணக்கிட்டு எழுதிய அளவை, சோற்றை நிறுத்திய பிறகும் அப்படியே விழுங்கினால், கீட்டோவின் முதல் சில நாட்களிலேயே சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். 54க்குக் கீழே போவது உடனடி ஆபத்து. என் கணவருக்குக் கிளிமெபிரைடு இருந்ததால், உணவை மாற்றும் முன்பே மருத்துவர் அதைப் பாதியாகக் குறைத்து, பிறகு நிறுத்தினார். எங்கள் தெருவில் மருத்துவரைக் கேட்காமலே உணவை மாற்றிய பெரியவர் ஒருவர், வியர்வையும் நடுக்கமுமாகத் திண்ணையிலேயே சாய்ந்துவிட்டார். அந்த நிலையிலும் அவர் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க மறுத்தார், கட்டுப்பாடு கெட்டுவிடுமாம். தயவுசெய்து இப்படி எண்ணாதீர்கள். அந்த நேரத்தில் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். சாக்லேட்டோ முந்திரி கேக்கோ உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும். இந்த வகை மாத்திரையால் தாழ்ந்த சர்க்கரை, ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடியும் தாழக்கூடும் என்பதால், தெளிந்துவிட்டார் என்று அவரைத் தனியே விட்டுவிடக் கூடாது.

பலரும் அறியாத ஒன்று இதில் உண்டு. நம் ஊரில் எழுதித் தரும் கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் வோக்லிபோஸ் என்ற மருந்தும் சேர்ந்திருக்கும். வீட்டுச் சர்க்கரையைக் குடல் உடைத்து எடுத்துக்கொள்வதை அது தடுக்கிறது. எனவே அந்த மாத்திரை சாப்பிடுபவருக்குத் தாழ்நிலை வந்தால் சாதாரணச் சர்க்கரை விரைவாகப் பயன்படாது. மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் தூளையே வீட்டில் வைத்திருக்க வேண்டும்.

படபடப்பு வந்தாலே சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்றும் முடிவு செய்யாதீர்கள். நெடுங்காலம் 250இல் இருந்த உடம்பு 110க்கு இறங்கும்போதே அப்படி உணரலாம். அதோடு, இன்சுலின் குறைந்ததும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றுவதால், முதல் வாரத்தில் தலைவலியும், எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பும் வரும். கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களின் அக்னி நட்சத்திரப் புழுக்கத்தில் வியர்வையும் சேர்ந்தால் இது இன்னும் கடுமையாகும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அதன் அளவையும் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தக் கிறுகிறுப்பு எதனால் வந்தது என்பதை மீட்டரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.

ஆனால் மீட்டரும் காட்டிக்கொடுக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் என்று பெயர் ‘கிளிஃப்ளோசின்’ என முடியும் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் நல்ல மருந்துகள் அவை. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இல் இந்தியாவில் முடிந்து விலை இறங்கிய பிறகு பெருவாரியாகப் பரவின. கீட்டோவும் இந்த மாத்திரையும் ஒன்று சேரும்போது, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் அளவு மீறிப் பெருகி இரத்தம் அமிலத்தன்மை அடையக்கூடும். சர்க்கரை 150, 180 என்று வழக்கம்போலவே இருக்கும். அதனால் நோயாளிக்கும் சந்தேகம் வராது, பார்ப்பவருக்கும் வராது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2015லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வேகமாக வாங்குதல், காரணமில்லாத கடும் சோர்வு ஆகியவை தோன்றினால், மீட்டர் என்ன சொன்னாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ, கோரிமேட்டில் உள்ள ஜிப்மரோ, அருகில் இருக்கும் வேறு மருத்துவமனையோ, எங்கே போனாலும் மாத்திரையின் பெயரையும், மாவுச்சத்தை நிறுத்தியிருப்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இந்த மாத்திரைகளில் ஒன்று உங்கள் அட்டையில் இருந்தால், மருத்துவரைப் பார்க்கும் வரை கீட்டோவைத் தொடர வேண்டாம். சோற்றைக் கொஞ்சமாவது சேர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம்.

மெட்ஃபார்மின் மட்டும்தான் என்றால், காலை 124க்காக மாவுச்சத்தை இன்னும் குறைப்பதோ, பட்டினி கிடப்பதோ பயன் தராது. பட்டினி கிடந்தாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும். இரவு உணவை ஏழரைக்குள் முடித்துக்கொண்டு, அரை மணி நேரம் நடந்துவிட்டு, நேரத்தோடு உறங்கிப் பாருங்கள். என் கணவர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இரவு நடக்கத் தொடங்கிய பிறகு காலை அளவு சற்று இறங்கியது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையைத் தொடங்கும்போது ஒரு முறையும், மூன்று மாதம் கழித்து ஒரு முறையும் செய்துகொள்ளுங்கள். அவருக்கு அது 7.4லிருந்து 6.6க்கு இறங்கியது. இரத்தசோகை இருந்தால் அந்த எண் மாறித் தெரியும் என்பதால், ஹீமோகுளோபினையும் கூடவே பார்த்துவிடுவது நல்லது.

உங்கள் வீட்டில் சர்க்கரை நோய் இல்லாத வேறு யாராவது எடைக்காக இதே உணவை உண்டு, 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனைக்குப் போவதாக இருந்தால், அதற்கு முந்தைய மூன்று நாட்களும் நாளுக்கு 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து உண்ட பிறகே போகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், தசைகள் குளுக்கோஸை வாங்க மறுக்கும் நிலையிலேயே இருப்பதால், இல்லாத நோய் இருப்பதாக அறிக்கை வந்துவிடக்கூடும். கீட்டோவை நிறுத்துவது என்று நீங்கள் முடிவெடுத்தாலும் இதே காரணம் பொருந்தும்: முதல் நாளே கல்யாண விருந்தில் வடை பாயசத்தோடு உட்கார்ந்தால், முன்பு அதே விருந்துக்கு ஏறியதைவிட மிகுதியாக ஏறும். ஒரு வேளைக்கு ஒரு கரண்டிச் சோறு என்று தொடங்கி, நான்கைந்து நாட்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையை மருத்துவர் குறைத்திருந்தால், அதை எப்போது பழைய அளவுக்குக் கொண்டுவருவது என்பதையும் அவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.