காய்ச்சலே இல்லை, ஆனால் இரத்தத்தில் மலேரியா!

கேள்வி: என் தம்பியின் ஏழு வயது மகன் உகண்டாவில் பிறந்து வளர்ந்தவன், இப்போது இங்கே வந்திருக்கிறான். அவனுக்கு இரத்தத்தில் மலேரியா (பால்சிபாரம் வகை) இருக்கிறதாம், பிள்ளை ஓடியாடித் திரிகிறான். அங்கு லீவுக்குப் போய்வந்த என் மகளோ காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தாள். ஏன் இப்படி? அவனுக்கும் மருந்து தேவையா?
— வாசகி, ஹட்டன்

பதில்: கட்டாயம் தேவை.

கிருமி பெருகிச் சிவப்பணுக்கள் வெடிக்கும்போது நோய் எதிர்ப்பு அணுக்கள் டி.என்.எஃப்., இன்டர்லியூகின்-6 போன்ற பொருள்களைக் கொட்டுகின்றன. உடம்பைக் கொதிக்க வைப்பவை இவைதான். உங்கள் மகளுக்கு இது முதல் தொற்று; அதனால் கிருமியும் வேகமாகப் பெருகியது, எதிர்ப்பும் மூர்க்கமாக வந்தது.

மருமகன் சின்ன வயதிலிருந்தே நுளம்புக்கடி பட்டவன். கிருமி புகுந்த சிவப்பணுக்களை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள் அவனுக்குச் சேர்ந்துவிட்டன. அவை கிருமியின் எண்ணிக்கையை அடக்கி வைக்கின்றன. கூடவே இன்டர்லியூகின்-10 என்ற இன்னொரு பொருள் அழற்சியைத் தணிக்கிறது. ஆனாலும் கிருமி முழுதாக ஒழிவதில்லை. மெல்ல மெல்ல இரத்தசோகை வரலாம். அவனைக் கடிக்கும் நுளம்புக்கும் தொற்றும். ஹட்டன் குளிரில் நுளம்பு பரப்பாது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இதே பிள்ளை வெப்பமான கதிர்காமத்துக்குத் திருவிழா பார்க்கப் போய், அங்கே நுளம்பு கடித்தால்? மலேரியாவின் உள்ளூர்த் தொற்று 2012இல் நின்று, 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழும் பெற்ற இலங்கையில் அது மீண்டும் பரவக்கூடாது.

ஆர்டிமெதர்–லூமிஃபான்ட்ரின் மாத்திரை மூன்று நாளில் ஆறு வேளை. 15 முதல் 25 கிலோவுக்குள் என்றால் வேளைக்கு இரண்டு. நிறை பார்த்து வைத்தியரே முடிவு செய்வார். இரண்டாம் வேளை 8 மணித்தியாலத்தில், பிறகு காலையும் மாலையும். வெறுந்தேத்தண்ணியோடு கொடுத்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. பாலோ முட்டையோ கொடுத்துவிட்டுக் கொடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையை மறுபடி கொடுக்க வேண்டும். ஆட்டம் போடும் பிள்ளைக்கு எதற்கு என்று பாதியில் நிறுத்துவதுதான் வீடுகளில் நடக்கும் தவறு.

இன்னொன்று: இங்கே மலேரியா நுளம்புக்கடி இல்லாமல் இருக்க இருக்க அவனுடைய எதிர்ப்பு தேய்ந்துவிடும். அடுத்தமுறை உகண்டா போகும்போது அவனுக்கும் தடுப்பு மாத்திரை வாங்குங்கள்.

கேள்வி: இந்தியா போய்வந்த கணவருக்கு மலேரியா சுகமாகி, இரண்டு மாதத்தில் திரும்பவும் காய்ச்சல். மருந்து சரியில்லையா?
— வாசகி, பண்டாரவளை

பதில்: வைவாக்ஸ் வகையாக இருக்கலாம், அது ஈரலில் ஒளிந்திருந்து மீண்டும் எழும். அதை அழிப்பது ப்ரைமாகுயின், வழக்கமாக 14 நாள். அதற்கு முன் ஜீ6பீடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதியம்) குறைபாடு உண்டா என்று பார்க்காவிட்டால் சிவப்பணுக்கள் சிதையலாம். இன்றே இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். இந்தியப் பயணத்தை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.